நுனிவிரலில் நின்றவர்

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸ் நகரில் கூலோன் என்னும் பெயர்பெற்ற நடன ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய வகுப்பில் இடம் கிடைப்பதைப் பெரும்பேறாகக் கருதிய பெற்றோர் பலர். அவ்வகுப்பில் ஒரு நாள் ஒல்லியான சிறுமி ஒருவர் வந்து சேர்ந்தார். அவருடைய கைகள் உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்டிருந்தன. கால்கள் மெலிந்திருந்தன. தோள்கள் முன்னோக்கிக் குவிந்து, முதுகு வளைந்து காணப்பட்டது. பாலே நடனத்திற்கு நேரான முதுகுதான் முதல் தகுதி என்று எண்ணிய காலம் அது. உடன் பயின்ற பிள்ளைகள் நகைத்தனர். ஆசிரியரே அச்சிறுமியைக் கூனி என்று குறிப்பிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அந்தச் சிறுமியின் பெயர் மரீ தாக்லியோனி. பின்னாளில் ஐரோப்பா முழுவதும் அறிந்த பெயர் அது.

பிறப்பும் குடும்பமும்

மரீ 1804ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பிறந்தார். தந்தை பிலிப்போ தாக்லியோனி இத்தாலியர், நடனக் கலைஞர், நடன அமைப்பாளரும்கூட. தாய் சோஃபி கார்ஸ்டன் சுவீடன் நாட்டவர். தாயின் தந்தை இசைநாடகப் பாடகராக அந்நாட்டு அரசவையில் புகழ் பெற்றவர். ஆகவே கலை அக்குடும்பத்தின் தொழில். அதுவே அக்குடும்பத்தின் சோறும்கூட.

தொழிலின் பொருட்டு ஊர் விட்டு ஊர் செல்வது அவர்களுக்குப் புதிதன்று. பிலிப்போ எந்த நகரத்து அரங்கில் வேலை கிடைக்கிறதோ அந்நகரத்திற்குச் சென்றார். சில காலம் குடும்பமும் உடன் சென்றது. பிறகு மனைவியையும் மக்களையும் பாரிசில் தங்கவைத்துவிட்டு அவர் மட்டும் அயல்நாடுகளில் பணியாற்றினார். மரீக்குப் பிறந்த ஊர் ஒன்று, தந்தையின் மொழி ஒன்று, தாயின் மொழி ஒன்று, வளர்ந்த நகரத்தின் மொழி வேறொன்று. இப்பாடத்தைப் படிக்கும் மாணவர்கள் பலருக்கு அந்நிலை விளக்கம் இன்றியே புரியும்.

பாரிசில் தாயின் மேற்பார்வையில் மரீ நடனம் பயின்றார். மகள் நன்கு தேறி வருவதாகத் தந்தைக்குக் கடிதங்கள் சென்றன. பிலிப்போ மகிழ்ந்தார். வியன்னா நகரின் அரங்கில் மகளின் அரங்கேற்றத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் குடும்பத்தை அங்கு வரவழைத்தார்.

மகளை ஆடச் சொல்லிப் பார்த்தபோது அவர் திகைத்துப் போனார். கடிதங்கள் சொன்ன அளவுக்கு மகள் தேர்ந்திருக்கவில்லை. உடல் வலிமை போதவில்லை. நிலைநிற்றல் தடுமாறியது. அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தாயிற்று. இடையில் இருந்தவை ஏறத்தாழ ஆறு மாதங்களே.

வியன்னாவில் ஆறு மாதங்கள்

பிலிப்போ அரங்கேற்றத்தை நிறுத்தவில்லை. வேறோர் ஆசிரியரையும் தேடவில்லை. தாமே ஆசிரியர் ஆனார். அக்காலத்து அரங்க மேடைகள் பார்வையாளரை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். அதே சரிவுடன் தம் இல்லத்திலேயே ஒரு மரத்தளம் அமைத்தார். அத்தளத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரப் பயிற்சி தொடங்கியது.

காலையில் இரண்டு மணி நேரம் கால்களுக்குரிய பயிற்சிகள். ஒவ்வொன்றையும் ஒரு காலால் செய்தபின் மறுகாலாலும் அதே எண்ணிக்கையில் செய்ய வேண்டும். ஒருபுறம் மட்டும் வலுப்பெற்று மறுபுறம் தளர்ந்துவிடக் கூடாது என்பதில் பிலிப்போ கண்டிப்பாக இருந்தார். முதுகு வளைந்த ஒருவருக்கு இது எத்தனை தேவையான விதி என்பதை இன்றைய உடற்பயிற்சி வல்லுநர்கள் உடனே ஒப்புக்கொள்வர்.

பிற்பகலில் இரண்டு மணி நேரம் நிலைகளுக்குரிய பயிற்சி. ஒற்றைக் காலில், குதிகாலை உயர்த்தி, ஒரு நிலையில் நின்றபடி நூறு வரை எண்ண வேண்டும். எண்ணி முடிக்கும்வரை உடல் அசையக் கூடாது. முகத்தில் துன்பமும் தெரியக் கூடாது. பிறகு அதே நிலையில் மெல்லச் சுழல வேண்டும். உறங்கச் செல்லும் முன் மேலும் இரண்டு மணி நேரம் குதித்தல் பயிற்சி. உயரக் குதித்தால் மட்டும் போதாது. தரையில் இறங்கும்போது ஓசை எழாமல் இருக்க வேண்டும். முதலில் கால்விரல், பின்பு பாதம், கடைசியில் குதிகால் என்று பாதம் சிறிது சிறிதாகத் தரையைத் தொட வேண்டும்.

பயிற்சியின் இடையே மரீ மயங்கும் நிலைக்கு வந்ததுண்டு. அப்போது தாய் அவரைத் தாங்கிப் பிடித்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, உலர்ந்த உடை மாற்றிவிடுவார். அதன் பிறகு பயிற்சி தொடரும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று எந்த நல்லாசிரியரும் வளரும் பிள்ளைக்கு இவ்வாறு பயிற்சி அளிக்கமாட்டார். முதுகெலும்பு வளைந்த சிறுமியர் இக்காலத்திலும் நடனம் பயில்கின்றனர். அவர்களில் பலர் விரல்நுனியில் நிற்கவும் கற்கின்றனர். ஆனால் அதற்கு முன் மருத்துவர் ஊடுகதிர்ப் படம் எடுத்து வளைவின் அளவைக் கணக்கிடுகிறார். இயன்முறை மருத்துவர் எந்தத் தசையை வலுப்படுத்த வேண்டும் என்று சொல்கிறார். வளைவு கூடுகிறதா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கின்றனர். மரீயின் காலத்தில் ஊடுகதிர்கள் கண்டுபிடிக்கப்படவே இல்லை. 1895இல்தான் அவை அறியப்பட்டன. பிலிப்போவிடம் இருந்தவை இரண்டு கண்கள் மட்டுமே. நல்வாய்ப்பாக, அவை கூர்மையான கண்கள்.

அக்கண்கள் கண்டறிந்தது இதுதான். மகளின் முதுகை நேராக்க முயல்வதில் பயனில்லை. அப்படியானால் அந்த முதுகுக்கு ஏற்றவாறு நடனத்தை அமைக்க வேண்டும். தோள்கள் முன்னோக்கிக் குவிந்திருந்ததால், உடல் முழுவதையும் சற்றே முன்சாய்த்து நிற்கும் நிலைகளை அவர் உருவாக்கினார். தலையையும் மெல்லச் சாய்க்கச் செய்தார். அப்போது வளைவு குறையாகத் தோன்றாமல், ஏதோ ஒரு மெல்லிய ஓசையைக் கேட்கக் குனிந்ததுபோல் தோன்றியது. கைகள் மிக நீளமாக இருந்ததால் அவற்றை முழுவதும் நீட்டவிடவில்லை. முழங்கையை வளைத்து, மணிக்கட்டுகளை மார்பின் முன்னே குறுக்காக வைக்கும் நிலையை அமைத்தார். ஓவியர்கள் பின்னாளில் மரீயை வரைந்தபோதெல்லாம் இந்த நிலைகளையே விரும்பி வரைந்தனர். உடற்குறையை மறைக்க வந்த நிலைகள் ஒரு நடனப் பாணியாகவே நிலைத்தன. நேரான முதுகும் அளவான கைகளும் உடைய நடன மங்கையர்கூட அவ்வாறே சாய்ந்து நிற்கக் கற்றுக்கொண்டனர்.

1822ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் வியன்னாவில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. மரீக்கு அப்போது 18 வயது.

விரல்நுனியில் நிற்றல்

விரல்நுனி நடனம், அதாவது கால்விரல்களின் முனையில் உடல் எடை முழுவதையும் தாங்கி ஆடும் முறை, மரீ கண்டுபிடித்ததன்று. அவருக்கு முன்பே சிலர் அவ்வாறு நின்று காட்டியிருந்தனர். வியன்னாவில் ஆடிவந்த அமலியா புருன்யோலி என்னும் இத்தாலிய நடன மங்கை அவர்களுள் ஒருவர். மரீ அவரைக் கூர்ந்து கவனித்தார். அவர் விரல்நுனிக்கு எழும்போது கைகளை வலிந்து மேலே உயர்த்த வேண்டியிருந்ததையும், அந்த முயற்சி வெளிப்படையாகத் தெரிந்ததையும் கண்டார். அக்காலத்தில் அது ஒரு வித்தை. கழைக்கூத்தாடி கயிற்றில் நடப்பதைக் கண்டு வியப்பதைப் போல மக்கள் அதைக் கண்டு வியந்தனர். வித்தை முடிந்ததும் கைதட்டல், அவ்வளவே.

மரீ விரும்பியது வேறு. விரல்நுனிக்கு எழுவது மூச்சு விடுவதைப் போல் இயல்பாக இருக்க வேண்டும். பார்ப்பவருக்கு முயற்சி தெரியக் கூடாது. எழுந்ததற்கு நடனத்தில் ஒரு பொருளும் இருக்க வேண்டும்.

இன்றைய பாலே நடனக் காலணியின் முனையில், துணியையும் தாளையும் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த கெட்டியான பெட்டி போன்ற பகுதி உண்டு. அடியில் விறைப்பான தகடும் உண்டு. பாயின்ட் காலணி என்று அதற்குப் பெயர். மரீ அணிந்த காலணியில் இவை எதுவும் இல்லை. அது தோல் அடிப்பகுதி கொண்ட மெல்லிய பட்டுக் காலணி. முனையிலும் ஓரங்களிலும் நூலால் நெருக்கமாகத் தைக்கப்பட்டது. அந்தத் தையல் தரும் சிறு உறுதியைத் தவிர வேறு துணை இல்லை. மற்ற எல்லாவற்றையும் பாதமும் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் முதுகும் செய்ய வேண்டும். வியன்னாவில் ஒற்றைக் காலில் நூறு எண்ணியதன் பயன் இங்கே தெரிந்தது.

விரல்நுனியில் நிற்பவருக்குத் தரையோடு உள்ள தொடர்பு ஒரு நாணயத்தின் அகலமே. அந்தச் சிறு இடத்துக்கு நேர்மேலே உடலின் எடை முழுவதும் வந்து நிற்க வேண்டும். முதுகு நேராக உள்ளவர் ஆசிரியர் காட்டிய கோட்டைப் பின்பற்றி நிற்கலாம். முதுகு வளைந்தவருக்கு அந்தக் கோடு பொருந்தாது. தமக்குரிய சமநிலையைத் தம் உடலுக்குள்ளேயே அவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மரீ கண்டுபிடித்தார். அதற்கு அவருக்குப் பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

வியன்னாவுக்குப் பிறகு ஜெர்மானிய நகரங்களின் அரங்குகளில் ஆடினார். 1827ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் பாரிஸ் ஆபெரா அரங்கில் முதன்முதலாகத் தோன்றினார். சிறுவயதில் தம்மைப் பார்த்து நகைத்த நகரம் அது. அந்நகரத்து நடனம் அப்போது வேகமான சுழற்சிகளையும், முகத்தில் ஒட்டிவைத்தது போன்ற புன்னகையையும், திறமையை விளம்பரப்படுத்தும் நிலைகளையும் கொண்டிருந்தது. மரீ மெல்ல வந்து, ஓசையின்றி இறங்கி, அடக்கமாக ஆடினார். அவரைப் போல் ஆடுவதற்கு அவருடைய பெயரிலிருந்தே ஒரு வினைச்சொல்லைப் பாரிஸ் மக்கள் விரைவில் ஆக்கிக்கொண்டனர்.

சில்ஃபீட்

1832ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் பாரிஸ் ஆபெராவில் லா சில்ஃபீட் என்னும் நாட்டிய நாடகம் முதன்முதலாக நடைபெற்றது. நடனத்தை அமைத்தவர் பிலிப்போ. கதையை எழுதியவர் அடால்ஃப் நூரீ என்னும் பாடகர்.

கதை ஸ்காட்லாந்தில் நடக்கிறது. ஜேம்ஸ் என்னும் இளைஞனுக்குத் திருமணம் நடக்கவிருக்கிறது. அவன் நாற்காலியில் உறங்கும்போது சில்ஃபீட் என்னும் காற்றுத் தேவதை அவன் அருகில் மண்டியிட்டு அமர்ந்திருக்கிறாள். அவளைக் கண்டபின் அவனுக்கு மணப்பெண் மீது மனம் செல்லவில்லை. தேவதையைத் தொடர்ந்து காட்டுக்குள் ஓடுகிறான். அவள் கைக்கு எட்டுவதில்லை. அவளைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ள விரும்பிய அவனுக்குச் சூனியக்காரி ஒருத்தி ஒரு மேலாடையைத் தருகிறாள். அதைத் தேவதையின் தோளில் போர்த்தியவுடன் அவளுடைய சிறகுகள் உதிர்கின்றன. அவள் இறந்துபோகிறாள்.

காற்றால் ஆனவள் தரையில் அழுந்தி நடக்கமாட்டாள் அல்லவா? எனவே மரீ விரல்நுனியில் நடந்தார். இதுவரை வித்தையாக இருந்தது இப்போது பாத்திரத்தின் இயல்பாக மாறியது. தேவதை மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறாள் என்பதை விரல்நுனி சொன்னது. குவிந்த தோள்கள் முதுகில் ஒட்டிய சிறு சிறகுகளுக்குப் பொருத்தமாக அமைந்தன. முன்சாய்ந்த உடல் பறக்கத் தொடங்கும் பறவையை நினைவூட்டியது. மெல்லிய வெண்ணிறத் துணியாலான, மணி வடிவப் பாவாடையை அவர் அணிந்திருந்தார். அது பாதங்கள் தெரியும் அளவுக்குக் குறுகியிருந்தது. அந்த உடையே பின்னர் பாலே நடனத்தின் அடையாளமாயிற்று. எரிவாயு விளக்குகள் மேடையில் நிலவொளி போன்ற ஒளியைத் தந்தன. காட்டுக் காட்சியில் தோழித் தேவதைகள் கம்பிகளில் கட்டப்பட்டு உண்மையாகவே மேலே பறந்தனர். ஆயினும் கம்பியில்லாமல் தரையில் ஆடிய மரீதான் பறப்பவராகத் தோன்றினார்.

அன்று முதல் விரல்நுனியில் நிற்பது பாலே நடனம் பயிலும் பெண்கள் யாவரும் கற்க வேண்டிய கலையாயிற்று. ஒரு முழு நாட்டிய நாடகத்தின் உயிராக அதனை ஆக்கியவர் மரீயே என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். நான்கு ஆண்டுகள் கழித்து டென்மார்க் நாட்டில் பூர்னோன்வில் என்பவர் அதே கதையைப் புதிய இசையுடன் அமைத்தார். அந்த வடிவம் இன்றுவரை தொடர்ந்து ஆடப்பட்டு வருகிறது.

திருவந்திபுரத்து ஆடல் மகளிர்

லா சில்ஃபீட் மேடையேறுவதற்கு முன்பே, 1830இல், மரீ ஓர் இந்தியப் பெண்ணாக நடித்திருந்தார். தெய்வமும் ஆடல் மகளும் என்னும் பொருள்படும் பெயருடைய அந்த இசைநாடகத்தில் அவர் ஏற்றது கோயில் நடன மங்கையின் வேடம். இசையமைத்தவர் ஓபேர். அரங்கில் இருந்தவர்களில் மிகப் பலர் இந்தியக் கோயில் எதையும் கண்டதில்லை. அவர்கள் மனத்தில் இருந்தது கற்பனையான ஓர் இந்தியா. மரீயும் வெண்ணிற உடையில் தம் வழக்கமான மென்னடையையே ஆடினார்.

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உண்மையான ஆடல் மகளிரே பாரிசுக்கு வந்து சேர்ந்தனர். கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து ஐந்து நடன மங்கையரையும் மூன்று இசைக் கலைஞர்களையும் பிரெஞ்சு வணிகர் ஒருவர் 1838இல் கப்பலில் அழைத்துச் சென்றார். அவர்களுள் அம்மணி என்னும் இளம்பெண்ணைப் பாரிஸ் மக்கள் பெரிதும் போற்றினர். அவர்கள் காலணி அணியவில்லை. விரல்நுனியில் எழவில்லை. முழங்காலை வளைத்து அரைமண்டியில் அமர்ந்து, பாதம் முழுவதையும் தரையில் தட்டிச் சலங்கை ஒலிக்க ஆடினர். மண்ணை விட்டு விலக முயலும் நடனத்தையே பார்த்துப் பழகிய கண்களுக்கு, மண்ணோடு பேசும் நடனம் முதன்முறையாகத் தெரிந்தது.

மரீ அப்போது பாரிசில் இல்லை, ரஷ்யாவில் ஆடிக்கொண்டிருந்தார். ஆகவே தமிழ் நாட்டு நடனத்தை அங்கே அவர் காணும் வாய்ப்பு அமையவில்லை. ஆயினும் பார் என்னும் சிற்பி ஒருவர் சில்ஃபீட் வேடத்தில் மரீயைச் சிறிய வெண்கலச் சிலையாக வடித்தார். அதே சிற்பி அம்மணியையும் வெண்கலத்தில் வடித்தார். இரு நடனங்களும் அந்தச் சிற்பியின் கைகளில் சந்தித்தன எனலாம்.

ரஷ்யாவும் இலண்டனும்

1837 முதல் 1842 வரை மரீ செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் பேரரச அரங்கில் ஆடினார். அங்கே அவருக்குக் கிடைத்த வரவேற்புக்கு அளவில்லை. அவர் விடைபெற்றபோது அவருடைய பழைய காலணி ஒன்றை 200 ரூபிள் கொடுத்து வாங்கி, சமைத்து, குழம்புடன் பரிமாறிச் சிலர் விருந்துண்டனர் என்று ஒரு கதை உண்டு. நம்புவது கடினம். ஆனால் இப்படியொரு கதை பிறப்பதற்கே எவ்வளவு புகழ் வேண்டும்! இங்கிலாந்தில் ஆடவர் அணியும் ஒருவகை மேலங்கிக்கும் தாக்லியோனி என்றே பெயரிட்டனர்.

1845ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் இலண்டனில் ஓர் அரிய நிகழ்ச்சி நடைபெற்றது. அக்காலத்தின் மிகச் சிறந்த நடன மங்கையர் நால்வர் ஒரே மேடையில் ஆடினர். மரீயுடன் கார்லோட்டா கிரீசி, ஃபானி செரிட்டோ, லுசில் கிரான் ஆகியோர் தோன்றினர். நடனத்தை அமைத்தவர் ழூல் பெரோ. கடைசியாக வந்து தனித்து ஆடுபவருக்கே முதன்மை என்பது மரபு. அந்த இடம் மரீக்கு உரியது என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. அதற்கு அடுத்த இடம் யாருக்கு என்பதில்தான் பூசல் எழுந்தது. அரங்க மேலாளர் ஒரு வழி கண்டார். எஞ்சியவர்களில் வயதில் மூத்தவருக்கு அந்த இடம் என்று அறிவிக்கச் செய்தார். அதன் பிறகு ஒருவரும் அந்த இடத்தைக் கேட்க முன்வரவில்லை! மரீக்கு அப்போது வயது 41. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் மேடையிலிருந்து ஓய்வு பெற்று இத்தாலியில் தங்கினார்.

குடும்ப வாழ்வு அவருக்கு நல்லதாக அமையவில்லை. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பிரபுவை மணந்தார்; சில ஆண்டுகளிலேயே இருவரும் பிரிந்தனர்.

எம்மா லிவ்ரி

1858இல் பாரிசில் ஓர் இளம்பெண் லா சில்ஃபீட் நடனத்தில் அரங்கேறினார் என்னும் செய்தி மரீயின் காதுக்கு எட்டியது. அப்பெண்ணின் பெயர் எம்மா லிவ்ரி; வயது 16. ஓசையின்றி இறங்கும் அந்தப் பழைய பாணியை அவரிடம் காண்பதாகப் பலரும் சொன்னார்கள். மரீ இத்தாலியிலிருந்து புறப்பட்டு வந்து பார்த்தார். பார்த்தபின் பாரிசிலேயே தங்கி அப்பெண்ணுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார்.

அந்த ஆண்டுகளில் மரீ ஆபெராவின் நடனப் பள்ளியிலும் பணியாற்றினார். மாணவியர் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குச் செல்வதற்கு முறையான தேர்வு வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர் அவரே. கூலோன் வகுப்பில் ஒரு சிறுமி எந்த அளவும் இன்றி எள்ளலால் எடைபோடப்பட்டதை எண்ணிப் பார்த்தால், இந்த ஏற்பாட்டின் அருமை புரியும். 1860இல் எம்மாவுக்காகவே பட்டாம்பூச்சி என்னும் பொருளுடைய நாட்டிய நாடகம் ஒன்றை அமைத்தார். மரீ நடனம் அமைத்த ஒரே பெரும்படைப்பு அது. இசையமைத்தவர் ஆஃபன்பாக். அக்கதையில் பட்டாம்பூச்சியாகிய நாயகி தீவட்டியின் சுடரை நாடிச் சென்று சிறகைக் கருக்கிக்கொள்வாள்.

மேடையில் எரிவாயு விளக்குகள் திறந்த சுடராக எரிந்த காலம் அது. மெல்லிய துணிப் பாவாடைகள் எளிதில் தீப்பற்றிவிடும். தீப்பற்றாமல் தடுக்க ஒரு வேதிக் கரைசலில் துணியை நனைக்கும் முறை இருந்தது. அவ்வாறு நனைத்தால் துணி விறைத்து, மங்கிய நிறமாகிவிடும். ஆகவே நடன மங்கையர் பலர் அதை விரும்பவில்லை. எம்மாவும் மறுத்துவிட்டார். 1862ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் ஒத்திகையின்போது எம்மாவின் பாவாடை விளக்கில் பட்டுத் தீப்பற்றியது. எட்டு மாதங்கள் துன்புற்று 1863ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அவர் இறந்தார். தம் கலையை ஒப்படைக்க மரீ தேர்ந்தெடுத்த பெண் 20 வயதில் மறைந்தார்.

மரீ சில ஆண்டுகள் தொடர்ந்து பாரிசில் கற்பித்தார். ஆனால் தம் பெயரைச் சொல்ல வேறொரு பெரும் மாணவியை அவர் உருவாக்கவில்லை.

இறுதிக் காலம்

தந்தை மகளின் செல்வத்தை முதலீடு செய்து பெரும்பகுதியை இழந்தார். 1870இல் மூண்ட பிரான்சு–பிரஷ்யப் போரில் எஞ்சியதும் கரைந்தது. ஏரிக்கரை மாளிகையும் வெனிஸ் நகரத்து வீடுகளும் கொண்டிருந்த மரீ, முதுமையில் பிழைப்புத் தேடி இலண்டன் சென்றார். செல்வர் வீட்டுச் சிறுமியர்க்கு விருந்து நடனமும், அவையில் நடக்கவும் வணங்கவும் வேண்டிய முறையும் கற்பித்தார். வளைந்த முதுகுடைய அந்த மூதாட்டி நிமிர்ந்து நடப்பது எப்படி என்று சிறுமியர்க்குக் காட்டினார். அச்சிறுமியரில் எத்தனை பேருக்குத் தம் ஆசிரியை யார் என்பது தெரிந்திருக்கும்?

1884ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், எண்பது வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பாக, பிரான்சின் மர்சேய் நகரில் அவர் காலமானார். பின்னர் அவருடைய உடல் பாரிசிலுள்ள பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

அதே நகரில் மோன்மார்த்ர் கல்லறைத் தோட்டத்தில் தாக்லியோனி என்னும் பெயர் பொறித்த வேறொரு கல்லறை உண்டு. முதன்முதலாக விரல்நுனி நடனம் கற்கும் இளம்பெண்கள், தேய்ந்துபோன தங்கள் காலணிகளைக் கொண்டுவந்து அங்கே வைத்துச் செல்கின்றனர். மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, பட்டு நாடாக்கள் பிரிந்த நிலையில் அவை குவிந்து கிடக்கும். அது மரீயின் கல்லறை அன்று. அவர் தம் தாய்க்கு எழுப்பிய கல்லறை. வியன்னாவில் மயங்கிச் சாய்ந்த மகளைத் தாங்கிப் பிடித்து, ஈரத்துணியால் துடைத்து, மீண்டும் பயிற்சித் தளத்துக்கு அனுப்பிய சோஃபி அங்கே உறங்குகிறார்.